கிணற்றடிப் பாடங்கள்



ஆம்பூரில் இரயிலை விட்டிறங்கி, வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் எங்கள் பேரணாம்பட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். வழியில் உமராபாத் வரும். 1924-ஆம் ஆண்டில் காகா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரி அங்கேதான் உள்ளது. அதைக் கடந்தால் தென்னந்தோப்புகளும் சாலையோரப் புளியமரங்களும் தொடரும். தொலைவில் மலைத்தொடர் நீலமாய்த் தோன்றும். அம்மலைக்கு அப்பால் ஆந்திர மாநிலம். அங்கே கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அக்காட்டு யானைகள் சில இரவுகளில் மலையிறங்கி எங்கள் வட்டாரத்து நிலங்களுக்கும் வந்து போவதுண்டு.

ஆனால், வெளியூரிலிருந்து வருவோர் மலையைப் பார்ப்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். தோல் பதனிடும் வாடை! ஊரின் எல்லையிலேயே அது அவர்களை எதிர்கொண்டு அழைக்கிறது. எங்களுக்கோ அப்படி ஒரு வாடை இருப்பதே தெரிவதில்லை. பிறந்தது முதல் முகர்ந்து பழகிவிட்டோம்.

பழகிப்போன ஒன்று எப்படி நம் புலன்களிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறது என்பதையும், மறைந்ததை மீண்டும் காண்பதற்கு ஒரு கிணற்றடித் தோட்டம் எனக்கு எவ்வாறு கற்றுக்கொடுத்தது என்பதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். வாருங்கள், ஃபஜ்ருத் தொழுகை முடிந்துவிட்டது. கொல்லைப்புறக் கதவைத் திறக்கிறேன்.

கருகிய எலுமிச்சை

எங்கள் வீட்டுக் கொல்லை பெரிதன்று. ஒரு கிணறு, துணி துவைக்கும் கல், என் தந்தையார் வைத்த கொய்யா மரம், சுவரோரம் மருதாணிச் செடி. தந்தையார் தோல் தொழிற்கூடத்தில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அவர் மறைந்த மறு ஆண்டு, 2018-இல், அவர் நினைவாக ஓர் எலுமிச்சைக் கன்றை நட்டேன். நாள்தோறும் ஒரு குடம் கிணற்று நீர் ஊற்றினேன். மத்ரஸாவில் பாடம் நடத்தவும், பிள்ளைகளின் பாடங்களைக் கேட்கவும், வீட்டுக்குச் சாமான் வாங்கவும் நாள் போதாமல் ஓடிக்கொண்டிருந்தவன் நான். செடிக்கு நீர் ஊற்றும்போது என் எண்ணம் செடியில் இருந்ததில்லை. தொழுகையில் நிற்கும்போதே எத்தனையாவது ரக்அத் என்பது மறந்துபோன நாட்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கு வந்தது. மத்ரஸா மூடப்பட்டது, பள்ளிவாசலும் மூடப்பட்டது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்நாட்களில்தான் ஒருநாள் காலை எலுமிச்சையைப் பார்த்தேன். அதன் இலை நுனிகள் தீயில் காட்டியவைபோலப் பழுப்பாய்க் கருகியிருந்தன. தாகத்தால் வாடுகிறது போலும் என்றெண்ணி இரண்டு குடம் ஊற்றினேன். கருகல் இன்னும் பரவியது. மூன்று குடம் ஊற்றினேன். இலைகள் உதிரத் தொடங்கின. அருகில் நட்ட புதினாவோ பத்தே நாளில் மடிந்தது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, அடுத்த தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். ஒரு காலத்தில் நிலம் வைத்து நெல்லும் கரும்பும் பயிரிட்டவர் அவர். செடியின் அடியில் குந்தி அமர்ந்து, மண்ணின் மேல் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து நோக்கி, "பாய், இந்தத் தண்ணியை என்னைக்காவது வாயில வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. குடிப்பதற்குக் குழாய் நீரும் கேன் நீரும் வந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் அந்தக் கிணற்று நீரை நான் சுவைத்ததே இல்லை. பெரியவர் வாளியிலிருந்து ஒரு கை அள்ளித் தந்தார். உப்பும் கசப்பும் கலந்த சுவை நாவில் நெடுநேரம் நின்றது.

"செடிக்கு வாய் இருந்தா இதை அப்பவே சொல்லியிருக்கும்" என்றார் அவர். இலை நுனியில் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் நான் இல்லை.

பருப்பு வேகாத நாள்

உப்பு நீர் செடியை எவ்வாறு வாட்டுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. வேர் நீரை உறிஞ்ச வேண்டுமானால், மண்ணிலுள்ள நீரைவிட வேருக்குள் இருக்கும் நீரில் உப்புச்செறிவு மிகுந்திருக்க வேண்டும். மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால் ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் தவிக்கும். உறிஞ்சிய சிறிதளவு நீரோடு சென்ற உப்பு இலை நுனிகளில் சேர்ந்து அவற்றைக் கருக்கிவிடும். வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணின் மேல் வெள்ளையாய்ப் பூக்கும். ஆகவே, நான் ஊற்றிய ஒவ்வொரு குடமும் அந்தச் செடிக்குச் சிறிது சிறிதாக உப்பைச் சேர்த்து வைத்தது. அன்பும் உழைப்பும் குறையாமல் இருந்தன. கவனம் ஒன்றுதான் இல்லை.

இதை என் தாயாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா? உன் சின்ன வயசிலேயே நம்ம கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாமப் போச்சே. உங்க அத்தாகிட்டே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!" என்றார்.

சகோதரிகளே, இதை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தேநீர் நிறம் மாறும். எந்த ஆய்வுக் கூடமும் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே, அடுப்படியில் நின்ற பெண்கள் நிலத்தடி நீரின் நிலையை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய சொல்லை நாங்கள் சமையல் குறையாக எண்ணி ஒதுக்கிவிட்டோம்.

நிழல் காட்டும் நேரம்

அன்று தொடங்கி, ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் கொல்லைப்புறத்தில் இருப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிடுவேன். ஒருநாளைக்கு ஒரு பொருளை மட்டும் பார்ப்பது என்பது நான் வகுத்துக்கொண்ட விதி. ஒருநாள் கொய்யாப் பட்டை உரியும் விதம். ஒருநாள் எறும்புச் சாரை. ஒருநாள் கிணற்றுச் சுவரின் பாசி.

மேல்நாடுகளில் இத்தகைய பயிற்சியை இன்று மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக 1979-இல் ஒரு கவனப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் புகழ்பெற்றது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேர் படுத்திருந்த அறைச் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மறுபாதிப் பேருக்குச் செங்கற்சுவர் தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. நம்முடைய ஐவேளைத் தொழுகையின் நேரங்களை எண்ணிப் பாருங்கள். கீழ்வானில் வெண்மை படர்வது, சூரியன் உச்சியைக் கடப்பது, நிழல் நீள்வது, கதிரவன் மறைவது, செவ்வானம் மங்குவது ஆகிய ஐந்துமே வானத்தைப் பார்த்து அறிய வேண்டியவை. நோன்பும் பெருநாளும் பிறையைப் பார்த்துத் தொடங்குபவை. கடிகாரமும், அச்சிட்ட நேர அட்டவணையும், இன்று கைப்பேசியும் வந்த பிறகு வானத்தைப் பார்க்கும் வேலை நமக்கு இல்லாமற் போயிற்று. வசதி பெருகியது, பார்வை சுருங்கியது.

ஆகவே, மத்ரஸா திறந்ததும் என் மாணவர்களைக் கொண்டு முற்றத்தில் ஒரு முழம் நீளக் கம்பு ஒன்றை நடச் செய்தேன். நண்பகலில் அதன் நிழல் மிகக் குறுகி, மீண்டும் நீளத் தொடங்கும் நேரத்தில் லுஹர். நண்பகல் நிழல் போக, கம்பின் நீளத்திற்குச் சமமாக நிழல் நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். இரு மடங்கானால் ஹனஃபீ மத்ஹபின்படி அஸர். நூலில் மனப்பாடம் செய்த சட்டம் மண்ணில் ஊர்ந்து செல்வதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு மாணவன் ஓடிவந்தான். "ஹஜ்ரத், கம்புக்கு நிழலே இல்லை!" என்றான். உண்மைதான். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். நாற்பது வயது வரை இதை நான் கவனித்ததில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. ஆண்டுதோறும் மே 28-ஆம் நாளையொட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16-ஆம் நாளையொட்டி 2.57 மணிக்கும் சூரியன் புனித கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நேரத்தில் நம் ஊரில் நட்ட கம்பின் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு குச்சியும் வெயிலும் போதும். உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை செய்து பாருங்கள்.

தையல்காரக் குருவி

மருதாணிக்கு அருகில் நான் வைத்திருந்த கத்தரிச் செடியில் ஒருநாள் இரண்டு பெரிய இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நோய் என்று எண்ணிக் கிள்ளப்போனேன். ஒரு நாளைக்கு ஒரு பொருள் என்ற விதி நினைவுக்கு வந்ததால் கையை இழுத்துக்கொண்டு பார்த்தேன். இலை விளிம்புகளில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள். துளைகளின் வழியே பஞ்சு இழைகள். தையல்சிட்டு தன் அலகையே ஊசியாக்கி, பஞ்சையும் சிலந்தி நூலையும் நாராக்கி, இலைகளை இணைத்துப் பைபோல் தைத்திருந்தது. கட்டைவிரல் அளவே உள்ள அப்பறவையின் குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

ஏறத்தாழ பன்னிரண்டு நாள் அடைகாத்தது. குஞ்சுகள் பொரிந்த பின் இரண்டு பறவைகளுமே புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டின. இரண்டு வாரங்களில் குஞ்சுகள் பறந்து போயின. அந்த நாட்களில் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடிக்கவில்லை. காய் சற்றுக் குறைந்தது. ஆனால், மரத்தையும் பயிரையும் நட்டு, அதிலிருந்து பறவையோ விலங்கோ மனிதனோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழியின் கருத்தை நான் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் என் கொல்லைக்குள் வந்து அமர்ந்தது.

நம் முன்னோர்களுள் நிலத்தை இவ்வாறு கூர்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரப் பகுதியில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்னும் அறிஞர் 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற பெரும் வேளாண் நூலை இயற்றினார். நூற்றுக்கணக்கான பயிர்களைப் பற்றியும், மண்ணின் வகைகளைப் பற்றியும், எரு, பாசனம், ஒட்டுக்கட்டுதல் பற்றியும் அதில் விரிவாக எழுதியுள்ளார். மண்ணையும் நீரையும் பார்த்தும் முகர்ந்தும் சுவைத்தும் அறியும் மரபில் வந்தவர் அவர். வரலாற்றுப் பட்டதாரியாகிய நான் அவர் பெயரைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தேன். எழுத்தறியாத பெரியவர் ஒரு கை நீரைத் தந்து எனக்கு நினைவூட்டினார்.

ஒரு மாணவனின் கேள்வி

இதுவரை படித்த நீங்கள், தோட்டம் மன அமைதி தரும் என்று சொல்லி முடிக்கப்போகிறேன் என்று நினைக்கலாம். தந்தது உண்மை. ஆனால், கவனம் என்பது நாம் விரும்பும் இடத்தில் நின்றுவிடுவதில்லை.

மத்ரஸா முற்றத்திலும் மாணவர்கள் செடி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கிணற்று நீரின் கதையை அவர்களிடம் சொன்னேன். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், கிணற்றுக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? கடல்தான் தூரத்தில் இருக்கிறதே" என்று கேட்டான்.

வகுப்பு அமைதியானது. அவனுடைய தந்தை தோல் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறார். வகுப்பில் பாதிப் பேரின் வீட்டு அடுப்பு அத்தொழிலால் எரிகிறது. என்னைப் படிக்க வைத்ததும் அதே கூலிதான். மத்ரஸாவின் கூரையும் விரிப்பும் அத்தொழிலில் ஈடுபட்ட தனவந்தர்களின் ஈகையால் வந்தவை. "இறைவன் நாட்டம்" என்று சொல்லி அமர வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால், பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கண்ணைக் கட்டுவதாகும். ஆகவே, அறிந்ததைச் சொன்னேன்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை உப்பிடுகிறார்கள். தொழிற்கூடத்தில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய நீர் எங்கே போகிறதோ அங்கே உப்பும் போகிறது. அந்நாளில் எங்கள் பகுதியில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். 1970-களில் அரைப்பதமிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தது. அதன் பின் குரோமியம் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது, உற்பத்தி பெருகியது, கழிவு நீரும் பெருகியது. கர்நாடகத்தில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் பாலாற்றின் படுகை அதைத் தாங்கிக்கொண்டது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதாக ஓர் ஆய்வு கூறியதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றுக்காகத் தொழிலதிபர்கள் பெரும் பொருள் செலவிட்டதையும் மறைக்கக் கூடாது. எனினும், சாதாரணச் சுத்திகரிப்பால் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் பிரிக்க முடிந்தாலும் கரைந்த உப்பு எளிதில் பிரிவதில்லை. அதற்குச் சவ்வூடு வடிகட்டி, பின் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். வற்றியபின் எஞ்சும் உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தீராத சிக்கல். 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பு வந்தபோது நான் பள்ளி மாணவன். இரண்டாம் தீர்ப்பு வந்தபோது என் தலையில் நரை.

"அப்படியானால் எங்க அத்தா செய்வது தப்பா?" என்று அவன் கேட்டான்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "உன் அத்தாவின் உழைப்பு ஹலாலானது. ஆனால், உழைப்பால் உண்டானதைத் துடைக்கும் கடமை ஒன்று இருக்கிறது. அது அவர் ஒருவருடையதன்று. தோல் விற்றவருக்கும், அந்தச் செருப்பை அணிந்தவருக்கும், அந்தப் பணத்தில் படித்த எனக்கும் அதில் பங்கு உண்டு" என்றேன். அவன் தலையசைத்தான். முழுதும் ஏற்றுக்கொண்டானா என்பது தெரியவில்லை. எனக்கே அந்த விடை முழு நிறைவைத் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்ரஸாவுக்கு வாரி வழங்கும் பெரியவர் ஒருவர் வந்தார். செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. நான் அஞ்சியபடி அவர் கடிந்துகொள்ளவில்லை. செடிகளைப் பார்த்தார். என் வீட்டுக் கிணற்று நீரைக் கேட்டு வாங்கி ஒரு வாய் வைத்தார். நெடுநேரம் பேசாமல் நின்றார். மறுவாரம் மழைநீர்த் தொட்டி கட்டுவதற்குச் செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கின. உப்பைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மழையும் ஒளு நீரும்

அத்தொட்டி எங்களுக்கு மற்றொரு பாடம் நடத்தியது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் அன்று குழாய் பொருத்தினோம். அதில் குப்பை அடைத்துக் கிடந்ததை இத்தனை ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை! இப்போது கிணற்றுக்கு மழைநீர் இறங்குகிறது. செடிகளுக்கும் அடைமழைக் காலத்தில் நல்ல நீர் பாய்ந்து, மண்ணில் தேங்கிய உப்பைக் கீழே கழுவிச் செல்கிறது.

மழையைப் பற்றிச் சொல்லும்போது 2021 நவம்பரை மறக்க இயலாது. அம்மாதம் 19-ஆம் நாள் விடியலில், ஓயாத மழையில் எங்கள் ஊரில் சுவர் இடிந்து வீடொன்றின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். ஊரே ஜனாஸாவில் நின்றது. பாலாற்றில் பல்லாண்டு காணாத வெள்ளம் சென்றது. அழுது ஓய்ந்த சில நாட்களுக்குப் பின் வாளியை இறக்கி நீரைச் சுவைத்தேன். கிணறு பாதி இனித்திருந்தது. அந்த மழையை நான் எந்தச் சொல்லால் அழைப்பது? இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. சுவர்களையும் கிணறுகளைப்போல் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

ஒளுச் செய்யும் நீரையும் பிள்ளைகள் அளந்தார்கள். குழாய்க்குக் கீழே வாளியை வைத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர் ஓடியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு 240 லிட்டர்! பெருமானார் (ஸல்) அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய அளவு ஒரு லிட்டருக்குள் அடங்கும் என்பதைப் பாடத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள். குழாயைச் சிறிதளவே திறக்கப் பழகியபின் அது ஆளுக்கு இரண்டு லிட்டரானது. அந்த எண்பது லிட்டரும் இப்போது சாக்கடைக்குப் போகாமல், முற்றத்து வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. கையையும் முகத்தையும் காலையும் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கழுவப் பழகிய பிள்ளை தொழுகையிலும் நிதானமாக நிற்பதைக் காண்கிறேன். என் சொந்த ரக்அத்களும் இப்போது அவ்வளவாக மறப்பதில்லை, அல்ஹம்து லில்லாஹ்.

உங்கள் வீட்டில்

இடமில்லையே என்று சொல்லாதீர்கள். மாடியில் இரண்டு தொட்டிகள் போதும். நீர் உப்பாக இருந்தால் எலுமிச்சை, மா, பீன்ஸ் முதலியவற்றோடு போராட வேண்டாம், அவை தாங்கா. இடமுள்ளவர்கள் வேம்பு, புங்கம், இலந்தை, சப்போட்டா, தென்னை ஆகியவற்றை வைக்கலாம். இவை ஓரளவு உப்பைத் தாங்கும். மண்ணை வைக்கோலாலோ சருகாலோ மூடுங்கள். ஈரம் ஆவியாவது குறையும், உப்புப் பூப்பதும் குறையும். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஊற்றுங்கள்.

அதோடு, ஒவ்வொரு தொழுகை வேளையையும் ஒரு சிறு பார்வையோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்குப் பின் இலைகளின் நுனி. லுஹருக்கு நிழலின் திசை. அஸருக்கு மண்ணின் ஈரம். மஃக்ரிபுக்குக் கூடு திரும்பும் பறவைகள். இஷாவுக்குப் பிறையோ விண்மீனோ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். சில கேள்விகள் உங்களைச் சங்கடப்படுத்தும். அப்போது கண்ணைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

என் எலுமிச்சை பிழைக்கவில்லை. அந்த இடத்தில் இலந்தை ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது என் தோள் உயரம். தையல்சிட்டு ஆண்டுதோறும் வருகிறது. கிணற்று நீரை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகளோடு சுவைத்துப் பார்த்து, மத்ரஸாச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். அடைமழைக்குப் பின் சில வாரங்கள் 'இனிப்பு' என்றிருக்கும். கோடையில் 'உப்பு' என்று எழுதியிருக்கும். சென்ற ஆண்டு அந்த மாணவன் ஒரு வெள்ளிக்கிழமை தன் தந்தையையும் அழைத்து வந்தான். அவரும் ஒரு கை அள்ளிச் சுவைத்தார். நாட்காட்டியில் அன்றைய எழுத்து அவருடையது.

எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாலும் வருத்தமில்லை. எங்களுக்கு மறந்துபோனதை அது நினைவூட்டும். வருவதற்கு முன், உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்துவிட்டு வாருங்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் காணும் கண்களைத் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.